வெள்ளைக் கல் வைத்த கூடுகள்

அந்தக் கடற்கரையில் கோடை முழுக்க ஒரு நீலக் கயிறு கட்டியிருக்கும். இருபது தப்படிக்கு ஒரு கம்பு, கம்புக்குக் கம்பு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கமும் மணல்தான், இந்தப் பக்கமும் மணல்தான். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து மணலில் ஆலாக்கள் முட்டையிடும். ஆலா என்பது காக்கையில் பாதிகூட இல்லாத வெள்ளைக் கடற்பறவை. கூடு கட்ட அது குச்சி பொறுக்காது, புல் தேடாது. வயிற்றை மணலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றும், உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி விழும். அதுதான் அதற்கு வீடு. முட்டையும் மணல் நிறம், முட்டைமேல் உள்ள புள்ளியும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் மிதித்தோம் என்றே தெரியும்.

அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளைச் சரணாலயத்தில் வேலைக்கு வைத்திருந்தார்கள். எட்டுக் கோடையாக அதே வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் கயித்தக்கா.

காலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். முதலில் சதுப்பைப் பார்த்து நிற்கிற மூன்று மரக்குடில்களைப் பெருக்க வேண்டும். பறவை பார்க்க வருகிறவர்கள் நல்லவர்கள்தான், பூச்சியைக்கூட மிதிக்க மாட்டார்கள். ஆனால் பிஸ்கட் காகிதத்தைப் பெஞ்சுக்கு அடியில் அழகாக மடித்துச் செருகிவிட்டுப் போவார்கள். குடில் முடிந்தால் வாசலில் இருக்கும் கரும்பலகை. 'இன்று கண்ட பறவைகள்' என்று மேலே எழுதியிருக்கும். நேற்றையதை ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். அதன்பிறகு ஒரு முக்காலி, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். கயிற்றோரம் உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணி வரைக்கும் ஒரே வாசகம்தான். "அந்தப் பக்கம் போகாதீங்க." ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை சொல்வாள் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

"கயித்துல பலகை தொங்குதே, பாக்கலையாங்க?" என்று ஒருநாள் நாயோடு வந்த ஒருவரிடம் கேட்டாள்.

"நாய்க்குப் படிக்கத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியும்ல? நீங்க படிச்சு அதுக்குச் சொல்லுங்க."

அவர் முறைத்தார். நாய் வாலை ஆட்டியது. நாய்க்கு எப்போதும் அவளைப் பிடிக்கும்.

இதற்கு முன்னால் பதினைந்து வருஷம் இறால் உரிக்கும் கூடத்தில் இருந்தாள். விடிந்ததிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை. இப்போதும் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. சுடுதண்ணீர் டம்ளரைக் கொஞ்சநேரம் பிடித்திருந்தால்தான் அவை பேச்சைக் கேட்கும். கூடத்தை விட்டுவிட்டு இங்கே வந்தபோது, உட்கார்ந்திருக்கிற வேலைதானே, உடம்பு ஆறும் என்று நினைத்தாள். முதல் கோடையிலேயே தெரிந்துபோயிற்று, சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு கூலிவேலைதான் என்று. வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழே மணலிலிருந்தும் அடிக்கும். கண் பூத்துப்போகும். இந்த எட்டாவது கோடையில் முழங்காலும் சேர்ந்துகொண்டது. மணலில் நாலு எட்டு வைத்தால் உள்ளே ஏதோ கடுக்கென்று சொல்லும்.

ஆனால் அந்தக் கோடையில் அவள் களைத்துப்போனதற்கு வெயிலும் முழங்காலும் மட்டும் காரணம் இல்லை.

கோடை தொடங்கி மூன்றாவது வாரம். வாரத்துக்கு ஒருமுறை நாலு பேர் வரிசையாகக் கயிற்றுக்குள்ளே போய்க் கூடுகளை எண்ணிவிட்டு வருவார்கள். அந்த வாரம் எண்ணப்போனவர்களில் ஒருவர் முட்டையை மிதித்துவிட்டார். பெரிய சத்தம் எதுவும் இல்லை. பிஸ்கட் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். மிதித்தவரே அழாத குறையாக நின்றார். கயித்தக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரார்த்தனை செய்யும்போதுதான் அந்த யோசனை வந்தது. பிரார்த்தனையில் வந்த யோசனை என்பதால் அது கடவுள் கொடுத்தது என்றே நினைத்துவிட்டாள்.

குடில் ஜன்னல்களுக்கு அடித்தது போக வெள்ளை பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கைக்கு அடக்கமாகப் பதினேழு கல் பொறுக்கி வந்தாள். பிரஷ்தான் இல்லை. புருஷனுடைய பழைய சவர பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது, கல்லுக்கு முகச்சவரம் நடக்குதா?" என்றான் புருஷன். அவன் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன். ஊரில் பாதி வீட்டு அடுப்பு அவன் கைபட்டது. வீட்டு அடுப்பு மட்டும் ஒரு பக்கம்தான் எரியும்.

"கூட்டுக்கு ஒரு கல்லு வெச்சுட்டா யாரும் மிதிக்க மாட்டாங்கல்ல?"

"அது சரி. நாளைக்கு நான் எதுல மழிக்கறது?"

"ஒரு வாரம் தாடி வெச்சுக்கங்க. யாரு உங்கள பொண்ணு பாக்க வரப்போறாங்க?"

மறுநாள் ஒவ்வொரு கூட்டுக்கும் கடல் பக்கமாக ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைக் கல் வைத்தாள். பதினேழு கூடு, பதினேழு கல். அடுத்த எண்ணிக்கைக்கு வந்த நாலு பேரும் தரையில் பூ விழுந்த மாதிரிப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். ஒரு முட்டைக்கும் சேதம் இல்லை. சரணாலய அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "எத்தனை பேரு மேல்படிப்பு படிச்சுட்டு இங்க இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலையேக்கா!" என்று கல்லையும் அவளையும் சேர்த்துப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பத்தாம் நாள் அங்கிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. சிறந்த யோசனைக்கான பாராட்டு. சுவரில் ஆணி அடித்து மாட்டியது புருஷன்தான். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினான், ஆனால் பெருமையோடு மாட்டினான்.

சான்றிதழ் வந்த அதே வாரம் கூடுகள் காலியாக ஆரம்பித்தன.

முதல் நாள் இரண்டு. அடுத்த நாள் மூன்று. ஓடு கூட இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்த குழி மட்டும். நாய் என்றார்கள், எலி என்றார்கள். கயித்தக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து விடியும்போதே வந்து ஒரு கம்போடு கம்பாக நின்றாள். அப்போது பார்த்தாள்.

ஒரு காக்கை. அது ஆலாக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு கொத்த வந்தன, அதையும் சட்டை செய்யவில்லை. நேராக ஒரு வெள்ளைக் கல்லுக்கு நடந்தது. தலையைச் சாய்த்தது. முட்டையை எடுத்தது. முடித்துவிட்டு அடுத்த வெள்ளைக் கல்லுக்கு நடந்தது. தபால்காரர் வீட்டு எண் பார்த்துப் பார்த்து நிற்கிற மாதிரி, ஒரு வீடு விடாமல்.

கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். காக்கை பறந்து கம்பின்மேல் உட்கார்ந்து அவள் எப்போது போவாள் என்று பார்த்தது. அன்றைக்கே கல்லையெல்லாம் பையில் பொறுக்கிக்கொண்டாள். பதினேழு கல்லும் திரும்பி வந்தன. அதற்குள் கூடு மிஞ்சியது நாலு. அந்த நாலையும் காக்கை இரண்டே நாளில் முடித்துவிட்டது. வழி பழகிப்போனதற்குக் கல் எதற்கு?

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி அறிக்கையில் 'காக்கை, எலி, நாய்த்தொல்லை' என்று எழுதினார். நம்மை யாரும் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லியிருப்போமே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடவுளிடம் மட்டும் சொன்னாள். தினமும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் அறிக்கை எழுதுவது அவர் இல்லையே.

ஆலாக்கள் பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்டன. இரண்டே ஜோடி மட்டும் போகாமல் கிடந்து, காலந்தாழ்ந்து மறுபடியும் முட்டையிட்டன. அதில் ஒரு கூடு அலையில் போயிற்று. இன்னொன்றில் ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. மணலை உருட்டிக் கால் வைத்த மாதிரி இருந்தது. அம்மாவும் அப்பாவும் மாறி மாறி மீன் கொண்டுவந்து ஊட்டின. அவ்வளவு நீளக் கயிறும், முக்காலியும், குடையும், கயித்தக்காவும் இப்போது அந்த ஒற்றைக் குஞ்சுக்காக.

மாதக் கடைசியில் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பது உத்தரவு. விடுமுறையின் கடைசி மாதம் கரை முழுவதும் குளிக்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். எல்லாக் கோடையும் அப்படித்தான். அதற்குள் குஞ்சுகள் எல்லாம் பறந்திருக்கும். இந்தக் கோடையில் மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. குஞ்சுக்கு இறக்கைக் குருத்து அப்போதுதான் விட்டிருந்தது. பறக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும்.

அன்று காலை குடிலில் வாத்தியார் இருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைநோக்கியை மூன்று கால் தாங்கியில் நிறுத்திவிட்டு, கையில் நோட்டும் காதில் பென்சிலுமாகச் சதுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் பையன்களை எண்ணினது போதாதென்று இப்போது பறவைகளை எண்ணுகிறார்.

"வந்தாச்சும்மா," என்றார் அவள் பக்கம் திரும்பாமலே.

"யாரு வந்தாச்சு?"

"வடக்கேயிருந்து வர்ற உள்ளான்கள். நூத்தி நாப்பது. இதுல குனிஞ்சு பாருங்க."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். சேற்றில் வளைந்த மூக்கோடு சின்னச் சின்னப் பறவைகள், தையல் மிஷின் ஊசி மாதிரி மூக்கைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தன. வயிற்றில் செங்கல் நிறம், அங்கங்கே வெளுத்துப்போய்த் திட்டுத் திட்டாக. இறகு நுனியெல்லாம் பிய்ந்திருந்தது.

"கோடையே இன்னும் முடியலையே வாத்தியாரய்யா. குளிருக்குப் பயந்துதானே வரும்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"முதல்ல வர்றதுல நிறைய, கூடு கெட்டுப்போனதுங்கம்மா. அங்க முட்டையை நரி தின்னுருக்கும், இல்ல பனியில போயிருக்கும். மறுபடி வைக்கக் காலம் கிடையாது. சும்மா உக்காந்து என்ன பண்றது? கிளம்பி வந்துடும். குஞ்சு பொரிச்சதெல்லாம் அப்புறம் சாவகாசமா வரும்."

கயித்தக்கா கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பிய்ந்த இறகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறு ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. பதினேழு குழியை விட்டுவிட்டுப் போன ஆலாக்கள் இப்போது எந்தக் கரையில் போய் இறங்கினவோ. அங்கேயும் யாராவது ஒருத்தர், என்ன இது இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டன என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாரோ.

"என்னம்மா, கண்ணுல தூசியா?"

"ஆமாங்கய்யா," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சுடுதண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் தரையில் ஒரு அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு, பர்னர் ஓட்டையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தான்.

"இன்னும் மூணு நாளுதானே," என்றான். "கயித்த அவுத்துட்டு ரெண்டு நாள் படுத்துத் தூங்கு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது."

சுவரில் கோணலாகத் தொங்குகிற சான்றிதழைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கல், காக்கை, பை, நாலு கூடு, எல்லாம்.

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "இத்தனை நாளா உன் வாய்க்குள்ள ஒரு விஷயம் தங்கியிருக்கா? எனக்கு அதுதாண்டி ஆச்சரியம்."

"விளையாடாதீங்க."

"விளையாடல. அதிகாரிகிட்ட போய்ச் சொன்னா என்ன ஆகும்?"

"குஞ்சு ஏன் தாமதம்னு அவருக்குப் புரியும். அது தானா தாமதம் ஆகல, நாமதான் தாமதம் பண்ணிட்டோம்னு. நாலு நாள் கூடக் குடுக்கச் சொல்லிக் கேக்கறதுக்கு எங்கிட்ட வேற என்ன நியாயம் இருக்கு?"

"அடுத்த கோடைக்கு உன்னைக் கூப்பிடாம விட்டுட்டா?"

"விட்டா என் முழங்காலு சந்தோஷப்படும்." சொல்லிவிட்டாள், ஆனால் குரல் ஒத்துழைக்கவில்லை. அவன் துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்துவிட்டான்.

மறுநாள் அதிகாரி அறைக்குப் போனாள். அலை நேரம் எழுதிய தாள் சுவரில், காய்கிற சேற்று பூட்ஸ் ஜன்னலில், மேஜையில் மூடியில்லாத கெட்டில். அதிகாரி முகத்தைப் பார்த்தால் அவரும் மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் என்று தெரிந்தது.

"நாலு நாள்கூடத் தள்ள முடியாதுக்கா," என்றார் அவள் கேட்டு முடிப்பதற்குள். "ஒரு குஞ்சுக்காகக் கரையை மூடி வெச்சிருக்கேன்னு சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. பறவை தாமதமா முட்டை விட்டா அதுக்கு நான் என்ன பண்றது?"

"அது தாமதம் பண்ணல சார். நான் பண்ணினேன்."

நின்றுகொண்டே சொன்னாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும் என்று பயம். அவள் சொல்லி முடித்ததும் அதிகாரி கெட்டிலைத் தள்ளி வைத்தார்.

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா. காக்கைக்கு என்ன தெரியும் கல்லைப் பத்தி? நீங்களா மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"அக்கா, இங்க பாருங்க." அவர் குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினார். உள்ளே வெள்ளை பெயிண்ட் டப்பாக்கள், பிரிக்காமல், வரிசையாக. "அடுத்த கோடைக்கு இன்னும் ஆறு கரையில உங்க கல்லைத்தான் வைக்கப்போறாங்க. டப்பாவே வந்துருச்சு. கயித்தக்கா முறைன்னு பேரு வேற வெச்சிருக்காங்க."

ஒரு கரைக்குப் பதினேழு என்றால் ஆறு கரைக்கு எவ்வளவு? வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

"நம்பலைன்னா வெச்சுப் பாருங்க சார். பதினேழு கல்லும் என் பையிலதான் இருக்கு. முட்டை இல்லாத இடத்துல வைப்போம். காக்கை என்ன பண்ணுதுன்னு நீங்களே பாருங்க."

அன்று மதியம் குஞ்சு இருக்கிற இடத்துக்கு நேர் எதிர்க்கோடியில், வெறும் மணலில், கல்லையெல்லாம் வைத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அதிகாரியும் அவளும் கடைசிக் குடிலில் நீள ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அந்த ஜன்னலிலிருந்து ஒரு பக்கம் கரை தெரியும், ஒரு பக்கம் சதுப்பு. வாத்தியார் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவருக்கு விருந்தாளிகள் பிடிக்கவில்லை.

"மூச்சு மெதுவா விடுங்க. உள்ளான் முந்நூறைத் தாண்டிருச்சு," என்றார்.

அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. அதிகாரி கொட்டாவி விட்டார். "பாத்தீங்களாக்கா, காக்கைக்கு..." என்று ஆரம்பித்தார்.

காக்கை வந்து இறங்கியது.

முதல் கல்லுக்கு நடந்தது. சுற்றிலும் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியது. மணலைக் கிளறியது. ஒன்றும் இல்லை. இரண்டாவது கல்லுக்கு நடந்தது. அங்கேயும் கிளறியது. மூன்றாவது, நாலாவது. அதற்குள் இன்னொரு காக்கையும் வந்து மறுகோடியிலிருந்து ஆரம்பித்தது. பதினோராவது கல்லில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. ஒன்றை ஒன்று பார்த்தன.

"ஐயையோ!" என்று அதிகாரி தன்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"போச்சு!" என்றார் வாத்தியார். "முந்நூத்திப் பன்னெண்டுல இருந்தேன். எல்லாம் எழும்பிடுச்சு. இனி முதல்லேயிருந்து!"

அதிகாரி அவரைக் கவனிக்கவில்லை. தலையில் கைவைத்துக் கொண்டிருந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரலில், "நான்தானேக்கா படம் எடுத்து அனுப்பினேன்," என்றார்.

"நீங்க நல்லதுக்குத்தான் அனுப்பினீங்க சார்."

"நீங்களும் நல்லதுக்குத்தான் வெச்சீங்க."

அதிகாரி எழுந்து குடில் கதவைத் திறந்தார்.

குஞ்சைச் சுற்றி மட்டும் நாலு கம்பு நட்டுச் சின்னதாகக் கயிறு கட்டிவிடலாமே என்றுதான் அதிகாரி முதலில் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். "அதுவும் வெள்ளைக் கல்லுதான் சார். காக்கைக்கும் காட்டிக்குடுக்கும், கையில ஃபோன் வெச்சிருக்கவங்களுக்கும் காட்டிக்குடுக்கும்." அவருக்குப் புரிந்தது. அறைக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தார். நிறுத்தி நிறுத்தி எழுதினார். கல் முறை தவறு. கூடுகள் அழிந்தது அதனால்தான். மற்றக் கரைகளில் வைக்க வேண்டாம். நேரில் சோதித்துப் பார்த்தாயிற்று.

"உங்க பேரைப் போட்டுத்தான் எழுதணும்க்கா."

"போடுங்க சார். முன்னால பாராட்டுல எழுத்துப் பிழையோட போட்டிருந்தாங்க. இதுலயாவது சரியா போடுங்க."

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. "அக்கா, இதுக்குப் பதில் வர எப்படியும் பத்து நாளாகும். பதில் வர்ற வரைக்கும் இது விசாரணையில இருக்கற இடம். விசாரணையில இருக்கற இடத்துல ஒரு கம்பைக்கூடப் புடுங்கக் கூடாது. இது என் சட்டம் இல்ல, அவங்க சட்டம்."

கயித்தக்கா மனசுக்குள் கடவுளுக்கு ஒரு வணக்கம் போட்டாள். அவர் இந்த முறை அலுவலகம் வழியாக வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

ஆனால் அந்த நாட்கள் சுலபமாகப் போகவில்லை. மாதம் பிறந்துவிட்டது, கரையைத் திறந்துவிடுவார்கள் என்று பாயும் கூடையும் மிதவையுமாக ஜனம் வந்து நின்றது. கயிற்றைப் பார்த்ததும் எல்லாருக்கும் எரிச்சல்.

"எந்தப் பறவை? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"தெரியாம இருக்கறதுக்குத்தாங்க அது அந்த நிறத்துல இருக்கு."

"ஒரு பறவைக்கு இவ்வளவு இடமா? நாங்க ஆறு பேரு, எங்களுக்கு அறையில ரெண்டு கட்டில்தான் குடுத்திருக்காங்க."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் பதில் சொல்வது இன்னும் களைப்பாக இருந்தது. தொண்டைத் தண்ணீர் வற்றியது. தினமும் காலையில் அந்தப் பதினேழு கல்லை எதிர்க்கோடி மணலில் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தாள். காக்கைகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஏமாந்து ஏமாந்து கத்தின. அவற்றைப் பார்க்கவும் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவையும் எந்த மரத்திலோ இருக்கிற தங்கள் குஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் திருடினவோ என்னவோ. கல் வைக்கக் குனிந்தால் முழங்கால் கடுக்கென்றது, நிமிர்ந்தால் இன்னொரு தடவை கடுக்கென்றது. பதினேழு இரண்டு முப்பத்துநாலு. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

கடிதம் போன எட்டாம் நாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. குடையின் கீழே உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆலாவின் கூர்மையான சத்தம் கேட்டு விழித்தாள். எழுந்து பார்த்தாள். குஞ்சு எப்போதும் ஒண்டிக்கொள்ளும் உலர்ந்த பாசிக் குவியல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வேறு எங்கேயும் இல்லை. எதிர்க்கோடியைப் பார்த்தாள். காக்கைகளையும் காணோம்.

"ஐயோ, தூங்கிட்டேனே," என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு பெண், "யாருக்கு என்னம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு முட்டை நொறுங்கிய மாதிரிச் சத்தம் ஏதாவது கேட்டோமா, கேட்டோமா என்று கயித்தக்கா நினைவில் தேடினாள்.

மறுபடியும் அந்தச் சத்தம். இந்தத் தடவை தண்ணீர்ப் பக்கமிருந்து.

அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஓரத்தில், சதுப்பில் தண்ணீர் ஏறி விரட்டிவிட்டதால் இங்கே வந்த உள்ளான்கள் கும்பலாக நின்றன. வடக்கே கூடு இழந்து வந்த அதே கூட்டம், இப்போது இன்னும் பெருகியிருந்தது. அதற்கு நடுவில் மூக்கு வளையாத, கால் குட்டையான ஒன்று நின்றது. முதுகில் செதில் செதிலாக மணல் நிற இறகு. தாய் ஆலா ஒரு மீனைக் கவ்விக்கொண்டு அதன் தலைக்கு மேலேயே சுற்றியது. கொடுக்கவில்லை. கத்திக்கொண்டே கடல் பக்கம் போய்த் திரும்பி வந்தது. குட்டையானது இறக்கையை விரித்தது. கால்கள் தரையை விட்டன. நாலு முழம் போய்த் தொப்பென்று ஈர மணலில் விழுந்தது. எழுந்து மறுபடியும் விரித்தது. இந்தத் தடவை விழவில்லை. ஒரு அலைக்கு மேலே, அடுத்த அலைக்கு மேலே, தள்ளாடித் தள்ளாடித் தாய்க்குப் பின்னாலேயே போயிற்று.

சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் தோன்றவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "போதும் சாமி," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

குஞ்சு பறந்த மூன்றாம் நாள் பதில் வந்தது. அதிகாரி வாசித்துக் காட்டினார். கல் முறை எல்லாக் கரையிலும் நிறுத்தப்படுகிறது. பாராட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பவும். கயிற்றை உடனே அகற்றவும். அடுத்த கோடைக்கான பணியமர்த்தல் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும்.

"பின்னர்னா எப்ப சார்?"

"எனக்கும் தெரியலக்கா. நான் உங்களைப் பத்தி நல்லாத்தான் எழுதுவேன்."

"போன தடவையும் நல்லாத்தான் எழுதினீங்க," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்கள் அப்படியே இருந்தன.

கயிற்றைச் சுற்ற மதியமாகிவிட்டது. கம்பு ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். கயிற்றை முழங்கைக்கும் கைக்குமாகச் சுற்றிக்கொண்டே நடந்தாள். அவள் பின்னாலேயே ஜனம் மணலுக்குள் நுழைந்தது. பாசிக் குவியல் இருந்த இடத்தில் யாரோ குடை நட்டார்கள். போகும்போது வாசல் கரும்பலகையில் வாத்தியார் எழுதியிருந்ததைப் பார்த்தாள். வளைமூக்கு உள்ளான், நானூற்று ஆறு. அதற்குக் கீழே சாக்கட்டியை எடுத்து, மடங்காத விரலால் அவள் ஒரு வரி எழுதினாள். 'சிறு ஆலா குஞ்சு, ஒன்று.' நாளைக் காலையில் யாராவது ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். துடைக்கட்டும் என்று விட்டாள்.

வீட்டில் புருஷன் சான்றிதழை ஏற்கெனவே கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தான். அடுப்பைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி, எங்கேயும் இடிக்காதபடி நாலு மூலையிலும் அட்டை கொடுத்திருந்தான்.

"ஆணிய என்ன பண்றது? புடுங்கிடவா?" என்று கேட்டான்.

"புடுங்கினா சுவத்துல ஓட்டை விழும். உங்க சட்டைய மாட்டுங்க."

அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான். தள்ளி நின்று பார்த்தான். "சான்றிதழ விட இது நேரா நிக்குதே," என்றான்.

காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி, சுவரில் தலை சாய்த்து, அவள் தூங்கிப் போயிருந்தாள். அவன் சத்தம் காட்டாமல் துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஆறுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.